ஆறு இருக்கிறது, பாதை எங்கே?

சைக்கிளில் ஊர் சுற்றுவதா? ஆற்றங்கரை ஓரமாக அழகைப் பார்த்துக்கொண்டே நாள்கணக்கில் போவதா? அது வேலையற்றோரின் விளையாட்டு, சீமான் வீட்டுப் பிள்ளைகளின் வேடிக்கை. உழைத்துக் களைத்து உட்காரவும் நேரமில்லாத நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இப்படிக் கேட்போர் உண்டு. கேட்போரெல்லாம் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், தோழர்களே, அந்தக் கேள்விக்குள்ளே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாட்டாளிக்குப் பாடுதான் பொருந்தும், பார்வை பொருந்தாது என்று நம்மைப் பற்றி நம் வாயாலேயே சொல்லவைக்கும் ஆபத்து அது!

வரலாறு என்ன சொல்கிறது?

1894ஆம் ஆண்டு. இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரம். ‘கிளாரியன்’ என்ற பொதுவுடைமை ஏட்டை விரும்பிப் படித்துவந்த சிலர், அந்த ஏட்டின் பெயராலேயே ஒரு சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். வாரம் முழுதும் ஆலைப் புகையிலே வெந்தவர்கள், ஓய்வு நாளன்று ஊருக்கு வெளியே சென்றார்கள். பசுமை கண்டார்கள், பச்சைக் காற்றைக் குடித்தார்கள். போகிற வழியெல்லாம் துண்டறிக்கை கொடுத்தார்கள். சந்தைத் திடலில் நின்று பேசினார்கள். ஒரே உருளையில் உல்லாசமும் உருண்டது, கொள்கையும் உருண்டது!

இரண்டே ஆண்டு கழித்து, 1896இல், செர்மனியிலே ‘ஒற்றுமை’ என்று பொருள்படும் பெயரோடு தொழிலாளர் சைக்கிள் சங்கம் தோன்றியது. சிறிதாகத் தொடங்கி இலட்சக்கணக்கில் வளர்ந்தது. ஓபன்பாக் நகரில் சொந்தமாகச் சைக்கிள் தொழிற்சாலையே நடத்தியது. 1933இல் இட்லர் ஆட்சி பீடம் ஏறியதும் அந்தச் சங்கத்தைத் தடை செய்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கண்டு சர்வாதிகாரி ஏன் அஞ்சவேண்டும்? கூடிப் போகிறவன் கூடிப் பேசுவான், கூடிப் பேசுகிறவன் கூடிக் கேட்பான் என்பதனால்தான்!

அதே செர்மனி நாட்டின் கிழக்கு ஓரத்திலே இன்று ஒரு பாதை இருக்கிறது. நைசே, ஓடர் என்று இரண்டு ஆறுகள். 1945இல் போர் முடிந்தபோது அந்த ஆறுகளே செர்மனிக்கும் போலந்துக்கும் எல்லையாயின. நைசேக் கரையில் இருந்த கோர்லிட்சு நகரம் இரண்டாகப் பிளந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறு நாடு. தோற்றோடிய நாசிப் படை பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போயிற்று. அந்தப் பாலம் 2004இல் மீண்டும் எழுந்தது. ஒருகாலத்தில் காவற்காரன் துப்பாக்கியோடு நின்ற கரையில் இன்று செக் நாட்டு மலையடிவாரத்திலிருந்து பால்டிக் கடல்வரை ஏறத்தாழ 630 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை செல்கிறது. தாத்தாவும் ஓட்டுகிறார், பேத்தியும் ஓட்டுகிறாள். பிரித்த ஆறே பிணைக்கும் ஆறாயிற்று!

அங்கே இருக்கிறது, இருக்கட்டும். இங்கே என்ன இருக்கிறது என்கிறீர்களா?

இருக்கிறது! சாத்தாங்காட்டிலிருந்து சைக்கிள் மிதித்துச் சேரும் தொலைவிலே இருக்கிறது. அதன் பெயர் கொசத்தலை ஆறு.

136 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. அதன் மேல்பகுதி எங்கே? ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்திலே. அந்த வட்டாரம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில். கேட்டுப் பெற்ற மண், போராடிப் பெற்ற மண்! இன்றும் ஆந்திரத்துக் கிருட்டிணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. ஆந்திர அரசு இந்த ஆற்றின் குறுக்கே புதிய நீர்த்தேக்கங்கள் கட்ட முனைந்தபோது, வேண்டாம் என்று தமிழக முதல்வர் 2022இல் கடிதம் எழுதவேண்டியிருந்தது. எல்லை ஆறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, முகத்துவாரத்திலிருந்து எல்லையை நோக்கி ஒரு சைக்கிள் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் என்னென்ன?

முதலில் எண்ணூர்க் கழிமுகம். அலையாத்திச் செடியும் ஆற்றுமீனும் இறாலும், அவற்றை நம்பி வாழும் மீனவர் குப்பங்களும். அடுத்து வல்லூர் அணைக்கட்டு. அதைத் தாண்டினால் காரனோடை. கல்கத்தா நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கும் இடம். பிறகு தாமரைப்பாக்கம் அணைக்கட்டு. அதற்கும் மேலே பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்னின்று தொடங்கிவைத்த அந்த அணை 1944இல் முடிந்தது. முடிந்ததைக் காண அவர் உயிரோடு இல்லை. 1996 முதல் கிருட்டிணா நீரும் அங்கே வந்து சேருகிறது. நாம் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கிறோமே, அந்தத் தண்ணீரின் தாய்வீடுகளில் ஒன்று பூண்டி! வீட்டைப் பார்க்காமல் விருந்தை மட்டும் உண்டு வருகிறோம்.

பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். 1863இல் இராபர்ட் புரூசு பூட் என்ற நிலவியல் அறிஞர் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். கல்லைத் தட்டிச் செதுக்கிக் கைக்கோடரியாக்கிய மனிதர்களின் கைவேலை அது. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து, ஆராய்ந்து, 2011இல் உலகுக்கு அறிவித்தார்கள்: அந்தக் கருவிகளில் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கொசத்தலை ஆற்றுப் படுகையின் மேல்பக்கத்திலே, கல்லைக் கருவியாக்கிய கை. கீழ்ப்பக்கத்திலே, சாத்தாங்காட்டு இரும்பு எஃகுச் சந்தையில் கம்பியையும் தகட்டையும் ஏற்றி இறக்கும் கை. இரண்டுக்கும் இடையே இலட்சக்கணக்கான ஆண்டுகள். ஆயினும் இரண்டும் உழைக்கும் கைதான்! அரசர்கள் வந்தார்கள், போனார்கள். கம்பெனிக்காரன் வந்தான், போனான். கருவி பிடித்த கை மட்டும் இந்தப் படுகையை விட்டுப் போகவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மகனை, மகளைக் கூட்டிக்கொண்டு போய், “பார், இதுதான் நம் தொழிலின் தொடக்கம்” என்று காட்ட விரும்பினால், அது ஆடம்பரமா? அறிவு அல்லவா!

அந்த அறிவுக்குப் போகும் வழிதான் இல்லை.

வடசென்னையின் சாலையைப் பாருங்கள். எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிச் சாலையிலும் கண்டெய்னர் லாரிகள் வால்பிடித்து நிற்கின்றன. வழி கிடைத்தால் பறக்கின்றன. அந்த மலைப்பாம்புகளின் சக்கரங்களுக்கும் சாலையோரச் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழம் இடம். அந்த ஒரு முழத்தில்தான் டிபன் டப்பாவைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கிறான். லாரி செய்யும் ஆலை எண்ணூரில் 1948 முதல் இருக்கிறது. புல்லட் மோட்டார் சைக்கிள் இந்தியாவில் உருவெடுத்தது திருவொற்றியூரில். அம்பத்தூரில் சைக்கிளே செய்தார்கள். உலகத்துக்கெல்லாம் உருளை செய்து கொடுத்த வட்டாரத்தில், உருட்டிக்கொண்டு போக ஓரடிப் பாதை கிடையாது! கொல்லன் தெருவில் ஊசி விற்கக்கூடாது என்பார்கள். இங்கோ கொல்லன் வீட்டிலேயே ஊசி இல்லை!

பாதை போட நிலம் ஏது என்று கேட்பார்கள். கரை இருக்கிறதே! சாத்தாங்காட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. சென்னையிலிருந்து எண்ணூர்வரை அதை வெட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1877–78இல் தாதுவருடப் பஞ்சத்திலே பசியால் துடித்த மக்கள், அரைவயிற்றுக் கூலிக்கு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்த் துண்டை வெட்டினார்கள். 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவன் பெயர் எங்கும் இல்லை. ஆண்டவன் பெயர் மட்டும் அழியாமல் நிற்கிறது! அந்தக் கரையில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கயிறு கட்டி இழுத்து நடந்தவர்கள் உண்டு. இழுத்து நடக்க இடம் இருந்த கரையில் மிதித்துப் போக இடம் இராதா?

பணம் ஏது என்றும் கேட்பார்கள். சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையை ஏற்றது. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு, அதாவது நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும், போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு செலவிடவேண்டும் என்று அதில் எழுதினார்கள். எழுதியது நாம் அல்ல; அவர்கள்! ஏட்டுச் சுரைக்காயை இனிக் கறிக்கு ஆக்குங்கள் என்றுதான் கேட்கிறோம். அதிலும், கடற்கரை நடைபாதை கண்ட தென்சென்னைக்கு ஒரு பங்கும், கரிப்புகை கண்ட வடசென்னைக்கு ஒரு பங்கும் என்று சமமாகக் கேட்கிறோம்.

அந்தக் காலத்தை மறந்துவிட்டார்களா? சைக்கிளுக்கு ஆண்டுதோறும் வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டினோம். விளக்கில்லை என்றால் வழக்கு. இருவர் ஏறினால் அபராதம். வரி வாங்கத் தெரிந்தவர்களுக்கு வழி கொடுக்கத் தெரியாதா?

பாதை மட்டும் போதாது. ஆறும் ஆறாக இருக்கவேண்டும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வழிந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவனின் படகில் ஒட்டியது, வலையில் ஒட்டியது, கூழைக்கடாவின் இறகிலும் ஒட்டியது. அதற்கும் முன்பிருந்தே அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்துகொண்டிருக்கிறது. யாரும் போகாத கரையில் எதைக் கொட்டினாலும் கேள்வி இல்லை. நாள்தோறும் நூறு பேர் சைக்கிளில் போகும் கரையாக இருந்தால்? நூறு சோடிக் கண்கள்! நூறு சாட்சிகள்! ஆற்றுக்குக் காவலாளி வேண்டும் என்றால், ஆற்றோரம் பாதை வேண்டும்.

நம் கோரிக்கை நீளமானதல்ல. சாத்தாங்காட்டிலிருந்து எண்ணூர்வரை கால்வாய்க் கரையில் லாரி நுழையாத பாதை. எண்ணூரிலிருந்து வல்லூர், தாமரைப்பாக்கம், பூண்டி வழியாக எல்லைவரை ஆற்றங்கரைப் பாதை. ஒரே நாளில் வேண்டாம், ஆண்டுக்குச் சிறிதாக வரட்டும். இடையிடையே நிழலுக்கு மரம், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பிடம், பஞ்சர் ஒட்ட ஒரு கடை. அந்தக் கடை வைக்கவும், இளநீர் விற்கவும், மீன் வறுத்துத் தரவும் கரையோர ஊராருக்கே முதல் உரிமை. கரையில் குடியிருப்போரைக் காலிசெய்துவிட்டுப் போடும் பாதை நமக்கு வேண்டாம். அவர்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு போகும் பாதையே வேண்டும்.

பெண்களும் வரவேண்டும். வரமாட்டார்கள் என்பவர்களுக்கு, 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு இலட்சம் பெண்கள் சைக்கிள் கற்ற கதையை நினைவூட்டுவோம். கிண்டல் செய்தவர்கள் ஓய்ந்தார்கள், மிதித்தவர்கள் ஓயவில்லை!

வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1918இல் இதே வடசென்னையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியேற்றினார். 1948இல் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை எழுதிவைத்தது. அந்த ஓய்வு நாள் உறங்குவதற்கு மட்டுமா? உலகைக் காணவும்தான்!

ஓய்வை வென்றெடுத்தோம். இனி, ஓய்வு நாளில் போக ஒரு பாதையை வென்றெடுப்போம். வார்டுக் கூட்டத்திலே கேளுங்கள், வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள், சங்கத் தீர்மானமாக எழுதிக் கேளுங்கள். ஆறு நம்முடையது, அதன் கரையும் நம்முடையதாகட்டும்!