பூஜ்ஜியம் வரும்வரை எண்ணு

சேலம் என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினால் ஐந்து எழுத்து. எஸ், ஏ, எல், இ, எம். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவீர்கள். சி மொழியில் எழுதிய நிரல் அப்படிச் சொல்லாது. நீளம் என்ன என்று கேட்டால் முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகுதான் பதில் வரும். ஒரு நொடிக்கு முன்பு எண்ணிய அதே பெயராக இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணும். ஏன் என்று பார்ப்போமா?

கணினியின் நினைவகத்தில் சின்னச் சின்ன இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் பைட் என்று பெயர். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணை வைக்கலாம். எழுத்தை அப்படியே வைக்க வழியில்லை. அந்த எழுத்துக்கென்று ஒதுக்கிய எண்ணைத்தான் வைக்கிறோம். எஸ்ஸுக்கு 83, ஏவுக்கு 65, எல்லுக்கு 76, இக்கு 69, எம்முக்கு 77. ஐந்து எண்களையும் வரிசையாக வைத்துவிட்டு, ஆறாவதாக ஒரு 0-வையும் வைக்கிறது சி. 'இத்தோடு முடிந்தது' என்பதற்கான அடையாளம் அது. இப்படி முடியும் எழுத்து வரிசையைத்தான் சி மொழியில் சரம் என்கிறோம்.

ரயில்வே கேட்டில் நின்று சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணியிருக்கிறீர்களா? மொத்தம் எத்தனை பெட்டி என்று எஞ்சின் மேல் எழுதியிருக்காது. கடைசியில் கார்டு பெட்டி வரும்வரை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கார்டு பெட்டியைச் சரக்குப் பெட்டிகளோடு சேர்க்கவும் மாட்டோம். சி மொழியில் இந்த வேலையைச் செய்யும் செயற்கூறின் பெயர் ஸ்டர்லென். பூஜ்ஜியம் வரும்வரை எண்ணும். பூஜ்ஜியத்தைக் கணக்கில் சேர்க்காது. அதனால்தான் சேலத்துக்கு நீளம் 5, ஆனால் பிடிக்கும் இடம் 6 பைட்.

இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். சென்னையின் 600001 என்ற பின்கோடைச் சரமாக வைத்தால், நடுவில் உள்ள பூஜ்ஜியத்திலேயே ஸ்டர்லென் நின்றுவிடுமா? நிற்காது. நாம் எழுதிப் படிக்கும் 0 என்ற குறிக்கு நினைவகத்தில் 48 என்ற எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முடிவைக் காட்டுவது 48 இல்லை, உண்மையான 0. நிரல் எழுதுபவர்கள் அதை 'நல்' என்பார்கள்.

நீளத்தை முன்னாலேயே எழுதி வைத்தால் என்ன? அப்படிச் செய்த மொழிகளும் உண்டு. 1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பி.சி.பி.எல். என்ற மொழியில், சரத்தின் முதல் பைட்டிலேயே எத்தனை எழுத்து என்ற எண் இருக்கும். ஆனால் ஒரு பைட்டில் 255-க்கு மேல் எழுத முடியாதே! அதற்கு மேல் நீளமான சரத்துக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அந்த மொழியை அடிப்படையாக வைத்து 'பி' என்ற மொழியை உருவாக்கிய கென் தாம்ப்சன், எண்ணிக்கையை விட்டுவிட்டு முடிவுக்குறியைக் கொண்டுவந்தார். 1972 வாக்கில் டென்னிஸ் ரிச்சி 'பி'யை வளர்த்துச் 'சி'யாக்கியபோது அந்த முறை தொடர்ந்தது, முடிவுக்குறி 0 ஆனது. நீளத்துக்கு வரம்பு வேண்டாம் என்பதோடு, எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி வசதியாக இருந்தது என்றும் ரிச்சி பின்னாளில் எழுதினார். அவர்கள் கையில் வந்த முதல் பி.டி.பி.-11 கணினியின் நினைவகம் வெறும் 24 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த நெருக்கடியில் அவர்கள் எடுத்த முடிவு புத்திசாலித்தனமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் விலை, நேரம். ஆயிரம் எழுத்துள்ள ஒரு சரத்தை எழுத்து எழுத்தாகச் சோதிக்க ஒரு சுழற்சி எழுதுகிறீர்கள். 'நீளம் வரும்வரை ஓடு' என்ற நிபந்தனைக்குள்ளேயே ஸ்டர்லென்னையும் எழுதிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அது ஆயிரம் எழுத்தையும் எண்ணும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து லட்சம் முறை! சுழற்சிக்கு வெளியே ஒரே முறை கேட்டு, விடையை ஒரு மாறியில் வைத்துக்கொண்டால் எண்ணுகிற வேலை ஆயிரத்தோடு முடிந்துவிடும்.

இது புதிதாகப் படிப்பவர்கள் மட்டும் செய்யும் தவறில்லை. பெரியவர்கள் ஆடும் ஜி.டி.ஏ. ஆன்லைன் விளையாட்டைத் திறக்கப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் ஒரு நிரலாளர், விளையாட்டு நிறுவனத்தில் வேலை செய்யாதவர், காரணத்தைத் தோண்டிப் பார்த்தார். தொடங்கும்போது அந்த விளையாட்டு 10 மெகாபைட் அளவுள்ள ஒரே நீளச் சரத்தைப் படித்தது. அதில் சுமார் 63,000 பொருள்களின் விவரங்கள். ஒவ்வொரு துண்டைப் படிக்கும்போதும், மிச்சமிருக்கும் சரம் முழுவதையும் ஸ்டர்லென் கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தது. இதையும் இன்னொரு வீண் வேலையையும் அவர் சரிசெய்ததும், அவருடைய கணினியில் ஆறு நிமிடக் காத்திருப்பு இரண்டு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. நிறுவனம் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு அவருக்குப் 10,000 டாலர் பரிசளித்தது.

இரண்டாவது விலை இன்னும் பெரியது. கடைசிப் பூஜ்ஜியம் இல்லாமல் போனால்? ஐந்தே பைட் கொண்ட அணியில் சேலத்தின் ஆங்கில எழுத்துகளை வைக்கச் சொன்னால் சி மறுக்காது. ஐந்தையும் வைத்துவிட்டு, இடமில்லாததால் 0-வை விட்டுவிடும். பிறகு ஸ்டர்லென் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து நினைவகத்தில் வேறு எதற்கோ வைத்த எண்களையும் எழுத்தென்று நினைத்து எண்ணிக்கொண்டே போகலாம். நிரல் பாதியில் நின்றும் போகலாம். ஆகவே எத்தனை எழுத்தோ, அதைவிட ஒரு பைட் கூடுதலாக ஒதுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

சரி, சேலத்தைத் தமிழிலேயே எழுதிக் கேட்போம். சே, ல, ம் என மூன்று எழுத்து. ஸ்டர்லென் 15 என்று சொல்லும்! அது பொய் சொல்லவில்லை. அது எண்ணுவது பைட்டுகளை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் யூனிகோடு தனித்தனி எண் கொடுத்திருக்கிறது. தமிழுக்கான எண்கள் 255-ஐத் தாண்டியவை. அவற்றைப் பைட்டுகளாகப் பிரித்து வைக்கும் யு.டி.எஃப்-8 முறையை 1992-இல் வடிவமைத்தவர் அதே கென் தாம்ப்சன்தான், ராப் பைக்கோடு சேர்ந்து. நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் சாப்பாட்டு மேசைக் காகித விரிப்பில் எழுதிப் பார்த்தார்களாம். நல் என்ற குறியைத் தவிர வேறு எந்த எழுத்துக்குள்ளும் 0 என்ற பைட் வராதபடி அமைத்தது அதன் அழகு. அதனால்தான் பழைய ஸ்டர்லென் தமிழ்ச் சொல்லின் நடுவில் நின்றுவிடாமல் கடைசிவரை போகிறது.

யூனிகோடில் சேலம் ஐந்து துண்டுகள்: ச, இரட்டைக் கொம்பு, ல, ம, புள்ளி. எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். நினைவகத்தில் ச முதலில், கொம்பு பிறகு. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட். ஐம்மூன்று பதினைந்து.

தமிழ் எழுத்தை எண்ண நாமே ஒரு செயற்கூறு எழுதலாம். ச-வின் மூன்று பைட்டுகள் 224, 174, 154. யு.டி.எஃப்-8-இல் ஒரு துண்டின் முதல் பைட்டைத் தொடர்ந்து வருபவை எப்போதும் 128-க்கும் 191-க்கும் இடையில்தான் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு எண்ணினால் 5 கிடைக்கும். கொம்பு, கால், சுழி, புள்ளி போன்ற சார்ந்து வரும் குறிகளையும் விட்டுவிட்டால் 3. இப்போது 'லக்ஷ்மி' என்று கொடுத்துப் பாருங்கள். ல, க்ஷ், மி என்று நாம் மூன்றாக எண்ணுவோம். உங்கள் செயற்கூறு 4 என்று சொல்லும், ஏனென்றால் க்ஷ நினைவகத்தில் க, புள்ளி, ஷ என்று பிரிந்து கிடக்கிறது. க-வை அடுத்துப் புள்ளியும் அதை அடுத்து ஷ-வும் வந்தால் ஒன்றைக் கழிக்கச் சொல்லி ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். ஸ்ரீக்கும் அதே போல ஒன்று.