பூத்தண்டைத் தாங்கும் ‘தவளை’: பச்சை நுரைக்கு முன்பிருந்த பொருள் மீண்டும் மேசைக்கு வருவது ஏன்?

திருமண மேடைகளிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் வைக்கப்படும் பூ அலங்காரங்களின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு நுரைக்கட்டி இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, பூத்தண்டுகளை அதில் செருகிவிட்டால் அவை வைத்த இடத்தில் நிற்கும். பூ வியாபாரிகள் இதனை ‘ஒயாசிஸ்’ என்ற நிறுவனப் பெயராலேயே அழைக்கின்றனர். ஒரு நாள் விழா முடிந்ததும் அந்தக் கட்டி குப்பைக்குப் போகிறது. அதன் தூளும் ஊறிய நீரும் சாக்கடையில் கலக்கின்றன.

இந்த நுரை வருவதற்கு முன்பு அதே வேலையைச் செய்து வந்த சிறு பொருள் ஒன்று, பழம்பொருள் சந்தைகளில் இருந்து மீண்டும் வீடுகளுக்குத் திரும்பி வருகிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஃப்ளவர் ஃப்ராக்’, நேர்ப்பொருளில் பூத்தவளை. தவளையைப் போலத் தண்ணீருக்குள் அசையாமல் அமர்ந்திருப்பதால் இந்தப் பெயர் என்பதே வழக்கமான விளக்கம். பெயர் வேடிக்கையானது என்றாலும் பொருள் எளிமையானது. கிண்ணத்தின் அடியில் வைக்கப்பட்டு, பூத்தண்டு சாயாமல் பிடித்துக்கொள்ளும் கனமான தாங்கி அது. துளைகள் கொண்ட கண்ணாடிக் கட்டி, பீங்கான் உருவம், கம்பிக்கூண்டு, ஊசிகள் நிறைந்த உலோகத் தட்டு எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது.

ஜப்பானின் ‘வாள் மலை’

ஊசித்தட்டு வகைக்கு ஜப்பானியப் பெயர் ‘கென்சான்’. ‘வாள் மலை’ என்பது அதன் பொருள். கனமான ஈய அடித்தட்டில் பித்தளை ஊசிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். இகெபனா எனப்படும் ஜப்பானிய மலர்க்கலையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. அக்கலையின் பழைய பாணியான ‘ரிக்கா’வில் உயரமான கலசத்துக்குள் வைக்கோல் கற்றை ஒன்றை இறுக்கி வைத்து, அதில் கிளைகளைச் செருகினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹாரா உன்ஷின் என்ற கலைஞர், தாழ்வான அகன்ற தட்டில் பூக்களைப் பரப்பி அமைக்கும் ‘மோரிபானா’ பாணியை உருவாக்கினார். அகன்ற தட்டில் தண்டு சாய்ந்து நிற்கச் சுவர் கிடையாது. அடியிலிருந்தே பிடித்துக்கொள்ளும் தாங்கி தேவைப்பட்டது. கென்சான் பரவலானதன் பின்னணி இதுவே.

இந்தியாவுக்கும் இக்கலை புதியதல்ல. எல்லன் கார்டன் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1956ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கிய ‘இகெபனா இன்டர்நேஷனல்’ அமைப்புக்கு டெல்லி, ஐதராபாத் உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் கிளைகள் உள்ளன. இகெபனா பயின்றவர்களின் வீட்டு அலமாரிகளில் பழைய கென்சான் ஒன்றிரண்டு இருப்பது வழக்கம்.

ஒரே மாநிலத்தில் தோற்றமும் வீழ்ச்சியும்

அமெரிக்காவில் பூத்தவளை வேறு திசையில் வளர்ந்தது. 1920களிலும் 1930களிலும் அது தண்டு தாங்கியாக மட்டுமின்றி, மேசையை அலங்கரிக்கும் சிற்பமாகவும் மாறியது. ஒஹையோ மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் கிளாஸ் நிறுவனம், துளைகள் கொண்ட அடித்தட்டின் மீது ஆடை போர்த்திய பெண் நிற்பது போன்ற வண்ணக் கண்ணாடித் தாங்கிகளை வார்த்தது. அதே மாநிலத்தின் ராக்கி ரிவர் நகரில் இயங்கிய கவன் மட்பாண்ட நிறுவனம் நடனமாடும் பெண் உருவங்களைப் பீங்கானில் செய்தது. பூ இல்லாத நாளிலும் கிண்ணத்தின் நடுவே நிற்கும் அழகுப் பொருளாக அவை விற்பனையாயின. பொருளாதாரப் பெருமந்தத்தின் அழுத்தத்தில் கவன் நிறுவனம் 1931ஆம் ஆண்டு மூடப்பட்டது.

பூத்தவளையை மேசையிலிருந்து அகற்றிய பொருளும் ஒஹையோவில்தான் பிறந்தது என்பது வரலாற்றின் விநோதம். வெர்னன் ஸ்மிதர்ஸ் 1954ஆம் ஆண்டு அங்கு உருவாக்கியதே ஒயாசிஸ் நுரை. அது மலிவானது, எடையற்றது, எந்தக் கோணத்திலும் தண்டைப் பிடித்து நீரையும் ஊட்டக்கூடியது. கேம்பிரிட்ஜ் கிளாஸ் நிறுவனம் முதன்முறையாகக் கதவடைத்ததும் அதே 1954ஆம் ஆண்டில்தான். அதற்குக் காரணம் நுரை அல்ல, கைவினைக் கண்ணாடித் தொழிலின் பொதுவான சரிவு. ஆனாலும் ஒரு காலம் முடிந்து மற்றொன்று தொடங்கியதற்கு அந்த ஆண்டை அடையாளமாகக் கொள்ளலாம்.

நுரையில் என்ன சிக்கல்?

ஒயாசிஸ் வகை நுரை, ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. விரலால் அழுத்தினாலே பொடியாகும். அந்தப் பொடி மண்ணில் மக்குவதில்லை. நுண்பிளாஸ்டிக்காக நீர்நிலைகளைச் சென்றடைகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த நுரைத் துகள்களை நன்னீர், கடல்நீர் உயிரினங்கள் உட்கொள்வதையும், துகள்களிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் அவற்றுக்கு நச்சாவதையும் பதிவு செய்தனர். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி, செல்சி மலர்க் கண்காட்சி உள்ளிட்ட தனது கண்காட்சிகளில் இந்த நுரைக்கு 2021ஆம் ஆண்டு முதல் தடை விதித்தது.

இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடைப் பட்டியலில், அலங்காரத்துக்கான தெர்மாகோல் இடம்பெற்றுள்ளது. ஆனால் பூ நுரை அந்தப் பட்டியலில் இல்லை. மேடையின் பின்புறத் தெர்மாகோல் எழுத்துகளுக்குத் தடை உண்டு. அதே மேடையின் பூக்களுக்கு அடியில் உள்ள நுரைக்கு இல்லை. எனவே இப்போதைக்கு இது வீட்டில் பூ வைப்பவரின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவே உள்ளது.

வீட்டில் பயன்படுத்தும் முறை

பழைய கென்சானுக்குத் தாழ்வான, அடிப்பகுதி தட்டையான கிண்ணம் ஏற்றது. தாங்கியின் அடியையும் கிண்ணத்தையும் நன்கு உலர்த்தி, பூ அலங்காரத்துக்கென விற்கப்படும் ஒட்டுக்களிமண்ணைத் திரித்து அடியில் ஒட்டி அழுத்தினால் நழுவாது. ஈரம் இருந்தால் ஒட்டாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஊசிகள் முழுவதும் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நிலச்சம்பங்கி, கிளாடியோலஸ், ரோஜா போன்றவற்றின் தண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, முதலில் நேராக ஊசியில் இறக்கி, பிறகு வேண்டிய பக்கம் மெதுவாகச் சாய்ப்பதே முறை. சாய்த்த நிலையிலேயே குத்தினால் தண்டு பிடிக்காது. மரக்கிளையாக இருந்தால் அடிப்பகுதியைக் குறுக்காகப் பிளந்துகொள்ள வேண்டும். ஊசிகளுக்கு இடையே நழுவிவிடும் அளவு மெல்லிய தண்டுகளை, நாலைந்தாக நூலால் கட்டியோ, தடித்த தண்டின் துண்டு ஒன்றுக்குள் செருகியோ நிறுத்தலாம். கண்ணாடித் தாங்கிகளில் இந்த வசதி குறைவு. துளையின் அளவுக்கு ஏற்ற தண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து பூ வைத்தாலே கிண்ணம் நிறைந்த தோற்றம் கிடைப்பதால், நுரையில் அடர்த்தியாகச் செருகுவதைவிடப் பூச்செலவு குறையும்.

தென்னிந்திய வீடுகளில் பூ மிதக்கவிடும் உருளியும் கென்சானுக்குப் பொருத்தமான பாத்திரமே. ஆனால் அது சமையலுக்குப் பயன்படாத உருளியாக இருக்க வேண்டும்.

ஈயம் குறித்து எச்சரிக்கை தேவை

இந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு. பழைய கென்சான்களின் அடித்தட்டு பெரும்பாலும் ஈயம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. நுரையைத் தவிர்ப்பதற்காகப் பழம்பொருளை நாடுவோர், பழையது என்பதாலேயே அது தீங்கற்றது என எண்ணிவிடக் கூடாது.

பூ நெடுநாள் வாடாமல் இருக்கத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. ஈயத் தாங்கி வைத்த கிண்ணத்தில் இதனைச் செய்யக் கூடாது; புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். கடையில் விற்கும் பூப்பாதுகாப்புப் பொடிகள் பலவற்றிலும் அமிலம் இருப்பதால் அவையும் வேண்டாம். வெறும் தண்ணீரைத் தினமும் மாற்றினாலே போதும். மாற்றிய தண்ணீரைத் துளசி, கறிவேப்பிலை, புதினாத் தொட்டிகளில் ஊற்றக் கூடாது. தாங்கியைக் கையாண்ட பின் சோப்பால் கை கழுவ வேண்டும். பூனை, நாய் வளர்க்கும் வீடுகளில் அவை குடிக்க எட்டாத இடத்தில் கிண்ணத்தை வைப்பது அவசியம். ஈயம் கலக்காத துருப்பிடியா எஃகுத் தாங்கிகளும் இப்போது கிடைக்கின்றன. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், ஊசி இல்லாத கண்ணாடி அல்லது பீங்கான் வகையே மேல்.

பூ இல்லாத நாளில்

பூத்தவளைகளைச் சேகரிப்பவர்களில் பலர் அவற்றில் பூவே வைப்பதில்லை. கம்பிச்சுருள் வகையில் குடும்பப் படங்களையும் பழைய அஞ்சல் அட்டைகளையும் செருகி நிறுத்தலாம். துளைக் கண்ணாடிக் கட்டி எழுதுமேசையில் பேனா, தூரிகை தாங்கியாகும். வண்ணக் கண்ணாடித் தாங்கிகள் நான்கைந்தை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தால் காலை வெயில் அவற்றின் துளைகளில் புகுந்து சுவரில் நிறங்களைச் சிதறவிடும். ஊசித்தட்டை மட்டும் திறந்த அலமாரியின் தாழ்வான தட்டில் வைக்கக் கூடாது. அது கீழே விழுந்தால் உடைவதில்லை, காலைக் கிழித்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கண்ணாடியில் துளை விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தால் சில்லுப் போன இடம் தெரியும். இரும்புக் கூண்டில் துரு உள்வரை அரித்திருந்தால் அது தண்ணீருக்கு உதவாது, காட்சிக்கு மட்டுமே ஆகும். பித்தளை ஊசிகள் வளைந்திருப்பது குறையல்ல. பால்பாயிண்ட் பேனாவின் மை தீர்ந்த உலோகக் குழாயை ஊசியின் மீது செருகி மெல்ல நிமிர்த்தினால் நேராகிவிடும். இடுக்குகளில் சேர்ந்த பழைய தண்டுத் துணுக்குகளைப் பல்துலக்கியால் தேய்த்து அகற்றி, தலைகீழாகக் கவிழ்த்து முழுவதும் உலரவிட்டு எடுத்துவைக்க வேண்டும். அந்தப் பல்துலக்கியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.