பல் வைத்தியரின் ஊசியும் நிதானமும்

பல் பிடுங்கும் வேதனையைத் தடுப்பதற்கென்றே ஈறில் போடப்படும் அந்த மரத்துப்போகிற ஊசிக்கு அஞ்சி, சொத்தைப் பல்லோடு மாதக்கணக்கில் காலந்தள்ளுகிறவர்கள் நம்மில் அநேகர். அவர்களுடைய அச்சத்தைக் கோழைத்தனமென்று ஒதுக்குவது நியாயமன்று. அந்த வலிக்குக் காரணங்கள் உண்டு, அவற்றுள் பெரும்பாலானவை நீக்கத்தக்கவை.

ஊசிமுனை தைப்பதுதான் வலி என்று நினைக்கிறோம். அது ஒரு கணத்தில் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் மருந்து சதையை விரித்துக்கொண்டு உட்புகுவதே பல சமயங்களில் அதிகத் துன்பம் தருவது. கன்னத்தின் உட்புறத்தைப்போலச் சதை தளர்ந்திருக்கும் இடத்தில் மருந்து பரவுவதற்கு வழியுண்டு; மேலண்ணத்திலோ சதை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதனால், அங்கே வேகமாகச் செலுத்தப்படும் ஒவ்வொரு துளியும் நரம்புகளை நெருக்குகிறது. ஆகையால் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நிமிஷமேனும் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று பல் வைத்திய சாஸ்திரம் விதிக்கிறது. முதலில் இறங்கிய சில துளிகள் தம் இடத்தை மரக்கச் செய்தபின் மற்றவை தொடர்ந்தால், நோயாளிக்கு வலி மிகச் சொற்பமாகவே தெரியும். இந்த நிதானத்தை மனிதக் கை காப்பது சிரமமென்று கண்டே, கணிப்பொறியின் கட்டுப்பாட்டில் துளித்துளியாக மருந்தை இறக்கும் கருவியை 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள். பேனாவைப்போல் பிடிக்கக்கூடிய அந்தக் கருவி மெச்சத்தக்கதே. ஆயினும் பொறுமையுள்ள வைத்தியர் கையிலிருக்கும் சாதாரண ஊசியை நான் அதற்குக் குறைவாக மதிப்பதில்லை.

மருந்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஸ்வீடனில் லோஃப்கிரன் என்பவர் 1943-இல் உருவாக்கிய லிக்னோகைன் என்னும் மரக்கச் செய்யும் மருந்து இரத்தத்தில் விரைவில் கலந்துபோகாமலிருக்க அத்துடன் அட்ரினலின் சேர்க்கிறார்கள். அட்ரினலின் கெடாதிருக்கக் கரைசலை அமிலமாக்குகிறார்கள். அந்த அமிலமே எரிச்சலுக்கு ஒரு காரணமாகிறது. ஊசி போடுவதற்குச் சற்று முன் சோடியம் பைகார்பனேட் கலந்து அமிலத்தைத் தணிக்கும் முறை தோலில் நல்ல பலன் தந்திருக்கிறது. வாயினுள் அதன் பலன் எல்லா ஆராய்ச்சிகளிலும் ஒரே விதமாக அமையவில்லை.

ஊசிக்கு முன் ஈறில் தடவும் மேற்பூச்சு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்சில் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தடவி, ஒன்றிரண்டு நிமிஷம் காத்திருந்தால்தான் அது வேலை செய்யும்; தடவிய கையோடு குத்தினால் தடவியது வீணே.

சில வைத்தியர்கள் ஊசி போடும்போதே கன்னத்தைப் பிடித்து மெல்ல அசைக்கிறார்கள். முழங்காலை இடித்துக்கொண்டவுடன் நம்மையறியாமல் கை அங்கே தேய்க்கப் போகிறதல்லவா, அதே தத்துவந்தான் இது. தொடுதலும் அசைவும் தரும் உணர்ச்சி, வலி மூளைக்கு ஏறும் வழியை முதுகுத் தண்டிலேயே ஓரளவு அடைக்கக்கூடும் என்று மெல்ஸாக், வால் என்னும் இருவர் 1965-இல் விளக்கினர். முகத்து நரம்புகளுக்கு மூளையின் அடித்தண்டிலும் அத்தகைய தடுப்பு உண்டு.

இவற்றோடு, இடக்கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நிறுத்தவும் செய்தால், நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கும் நோயாளி சற்றே தளர்ந்து உட்காருகிறார். குழந்தைகளிடமோ, வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்லாமல், எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும் என்று சொல்லிவிடுவதே உசிதம்.