பீலியடியில் சொல்ல முடியாத நோய்

மலையகத் தோட்டங்களில் ஆண்கள் குளிப்பது பெரும்பாலும் பீலியடியில்தான். ஊற்றிலிருந்து குழாய் வழியே இறங்கி வரும் தண்ணீர், நாலு பக்கமும் திறந்த வெளி, தன் முறைக்காகக் காத்து நிற்கும் லயத்து ஆட்கள். நுவரெலியாப் பக்கம் விடியற்காலைத் தண்ணீரில் கை விறைத்துப் போகும். இடுப்பில் கட்டிய சாரத்தோடே நாலு வாளி ஊற்றி, சவர்க்காரம் போட்டு, ஈரச் சாரத்துக்கு மேலேயே மாற்றுச் சாரத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்பும். அதற்குள் சில சமயம் மூன்று தலைமுறை. தன் உடம்பில் ஓர் இடத்தை நின்று நிதானமாகப் பார்க்கவோ கழுவவோ ஒரு தொழிலாளிக்கு நாள் முழுவதும் மறைவு கிடைப்பதில்லை. ஆணுறுப்பில் வரும் புற்றுநோயைப் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். "நம் ஆட்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள், முற்றிய பிறகுதான் வருகிறார்கள்" என்று நோயாளியின் தலையில் பழியைப் போடுவது சுலபம். அந்த வெட்கத்தை வளர்ப்பவை கதவில்லாத குளியலிடமும், நாலு பேர் காதில் விழப் பேச வேண்டிய டிஸ்பென்சரியும், ஒரு நாள் லீவெடுத்தால் பறிபோகும் சம்பளமும்தான் என்பது என் வாதம். இவற்றை மாற்றலாம், மாற்றினால் உயிர்கள் மிஞ்சும்.

நோய் அரிதானது. 2020இல் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஏறக்குறைய 36,000 பேர். ஆனால் வசதியான நாடுகளில் அபூர்வமாக வரும் இது, ஆசியா, ஆபிரிக்கா, தென் அமெரிக்காவின் வறிய பகுதிகளில் கூடுதலாக வருகிறது. பிரேசிலில் 2012 முதல் 2022 வரை 21,000 பேருக்கு இந்நோய் பதிவானது. பத்தாண்டுகளில் 6,500க்கும் மேற்பட்டவர்களுக்கு உறுப்பை அகற்ற நேர்ந்தது. முன்தோல் பின்னுக்கு இழுபடாத இறுக்கம், அதன் அடியில் தேங்கும் அழுக்கு, ஓயாத அழற்சி, புகையிலை, எச்.பி.வி. வைரஸ் ஆகியவை முக்கியக் காரணங்கள். தொடக்கம் மிகச் சிறியது. ஒரு சிவந்த திட்டு, மருப் போன்ற ஒரு தடிப்பு, ஆறாத ஒரு சின்னப் புண். பல நேரம் வலியே இருக்காது. அதனால்தான் ஆள் ஏமாந்துபோகிறார். உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் வைப்பார். அது கேட்காவிட்டால் டவுனில் பாமசிக்காரரிடம் "ஒரு புண்ணுக்கு" என்று மட்டும் சொல்லி ஒரு களிம்பு வாங்குவார். மாதங்கள் ஓடும். அறிகுறி தெரிந்த பிறகும் ஓர் ஆண்டுக்கு மேல் டாக்டரிடம் போகாமல் இருப்பவர்கள் நூற்றுக்கு 15 முதல் 50 பேர் வரை என்று சிறுநீரக சத்திரசிகிச்சைப் பாடநூல்கள் சொல்கின்றன. அந்த ஓராண்டின் விலை பெரிது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, உறுப்போடு நிற்கும் கட்டத்தில் பிடிபட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஐந்தாண்டைத் தாண்டி வாழ்கிறார்கள். அரையில் இருக்கும் நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருந்தால் அது ஐந்து பேராகிறது. தொலைவில் பரவிவிட்டால் ஒருவர் தேறுவதே அரிது.

கதவைப் பற்றி நான் சொல்வதற்கு ஆதாரம் டென்மார்க்கில் இருக்கிறது. அங்கே முன்தோலை நீக்கும் சுன்னத்து வழக்கம் மிகக் குறைவு. அப்படியிருந்தும் 1943 முதல் 1990 வரையான பதிவுகளில் ஆணுறுப்புப் புற்றுநோய் லட்சத்துக்கு 1.15 என்ற அளவிலிருந்து 0.82 ஆகக் குறைந்திருந்தது. 1995இல் இதை ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வாளர்கள், குளியலறை உள்ள வீடுகள் 1940இல் நூற்றுக்கு 35ஆக இருந்து 1990இல் 90ஆக உயர்ந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். இரண்டு கோடுகள் ஒன்றாக நகர்வதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. இந்த மறுப்பு நியாயமானதே. ஆனால் முன்தோலுக்குள் தேங்கும் அழுக்கும் அழற்சியும் இந்நோயின் காரணிகள் என்பது வேறு வழிகளிலும் உறுதிப்பட்டது. தினமும் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு என்று அறிவுரை சொல்கிறோம். அதைப் பீலியடியில், பத்துப் பேர் பார்க்க, சாரத்தோடு எப்படிச் செய்வது? அதற்கு வீட்டோடு ஒரு குளியலறை வேண்டும். 2017 மே 12 அன்று நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணியில் தனித்தனியாகக் கட்டப்படும் அந்த வீடுகளைப் பற்றி நாம் காணி உரிமை என்றும் கௌரவம் என்றும்தான் பேசுகிறோம். அந்த வீட்டுக் குளியலறையின் தாழ்ப்பாளுக்கும் சுகாதாரக் கணக்கில் ஓர் இடம் வேண்டும். வீடமைப்பு தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் குளியலறையும் சேர்ந்தே தள்ளிப்போகிறது.

அடுத்த தடை, சொல்லும் இடம். தாயும் பிள்ளையும் என்றால் வீடு தேடி வர மருத்துவிச்சி இருக்கிறார், கிளினிக் இருக்கிறது, கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனை இருக்கிறது. நாற்பது வயது ஆணுக்கு என்று தனியாக யாரும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் வரிசைக்கு முன்னாலேயே வியாதியைச் சொல்ல வேண்டும். மருந்து கொடுப்பவரும் அதே தோட்டத்தில் முகம் பார்த்துப் பழகியவர். பெரிய வைத்தியசாலைக்குப் போனால் பல இடங்களில் மொழி குறுக்கே நிற்கிறது. சிங்களத்தில் எடுத்துச் சொல்ல மகளையோ மகனையோ கூட்டிப் போகும் தகப்பன், இந்த நோயை அந்தப் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்ல வைப்பான்? மூன்றாவது தடை சம்பளம். சாப்பாட்டுக்கு வழி அன்றன்று வேலைக்குப் பதிவாகும் பேரில்தான் இருக்கிறது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்த பிறகும், கண்டிக்கோ மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போய்வரும் நாளில் கைக்கு வருவது பூச்சியம். பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் மேலதிகம்.

"இதெல்லாம் வெளியில் பேசுகிற வழக்கம் நம்மிடம் இல்லை" என்று ஒரு வாதம் எழும். பெண்களின் உடம்பு என்று வந்தபோது இந்த வழக்கம் எங்கே போயிற்று? குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் மும்முரமாக நடந்தபோது தோட்டத்துப் பெண்களின் கர்ப்பப்பையைப் பற்றி தோட்ட நிர்வாகம்வரை பேச்சு நடந்தது. பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டங்களிலேயே அதிகம் என்று 2006-07 சுகாதார ஆய்வு காட்டியது. அங்கே சம்மதம் முறையாகக் கேட்கப்பட்டதா என்ற கேள்வி இன்னும் அடங்கவில்லை. அது வேறு கட்டுரைக்கு உரியது. பேச வேண்டும் என்று நினைத்தபோது பேச முடிந்தது என்பதே இங்கே நமக்கு வேண்டியது. மகாராஷ்டிரத்தின் பார்சியில் 1987இல் இந்தியாவின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவகம் தொடங்கியபோது, ஊழியர்கள் ஊர் ஊராகப் போய் அறிகுறிகளைச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் தொடக்க நிலையிலேயே பிடிபடுவது கூடியது. கேட்டவர்களும் கூச்சம் உள்ள கிராமத்து மக்கள்தான்.

சிகிச்சைக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றிய பயமும் ஆளைத் தடுக்கிறது. "எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள்" என்று கேள்விப்பட்டவர் வரமாட்டார். தொடக்கத்தில் வந்தால் களிம்பும் லேசரும் போதுமாகலாம், அல்லது முன்தோலை மட்டும் நீக்கினால் முடிந்துவிடலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பகுதியை அகற்ற வேண்டி வந்தாலும் பலர் நின்றே சிறுநீர் கழிக்கிறார்கள், மனைவியோடு வாழ்கிறார்கள். முழுதாக அகற்றினால் விதைப்பைக்குப் பின்னால் புதிய துவாரம் அமைப்பார்கள். உட்கார்ந்துதான் போக வேண்டும். விதைகள் அப்படியே இருப்பதால் மீசையும் குரலும் ஆசையும் மாறுவதில்லை. கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மலையில் மற்ற ஆண்கள் நின்றபடி ஒதுங்க, இவர் மட்டும் குந்த இடம் தேட வேண்டும். அரையில் உள்ள நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கால் வீங்கலாம்; அந்தக் காலோடு சரிவில் ஏறிக் கவ்வாத்து வெட்டுவது, அட்டை கடித்த இடத்தில் கிருமி புகுவது எல்லாம் லேசான சங்கதி இல்லை. இவருக்குத் தொழிற்சாலையிலோ நாற்றுமேடையிலோ வேலை மாற்றிக் கொடுப்பது தோட்டத்தின் கடமை. காரணம் கேட்டுத் துருவாமல் கொடுப்பது அதைவிட முக்கியம். முதல் இரண்டு ஆண்டுகளில்தான் நோய் திரும்ப வரும் ஆபத்து அதிகம் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை தேவை. அந்த நாள்களுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். மனைவியையும் உட்கார வைத்து டாக்டர் பேசுவது பாதிக் குணம். அவள் பயம் என்னவென்று யாரும் கேட்பதில்லை.

அரிய நோய்க்கு இவ்வளவு பாடா, நீரிழிவும் இரத்தச்சோகையும் இருக்கும் இடத்தில் என்று கேட்கலாம். கதவுள்ள ஓர் அறை, கேட்டுக்கொள்ளத் தமிழ் பேசும் ஓர் ஆண் உத்தியோகத்தர், மாதத்தில் ஒரு மாலைக் கிளினிக்: நான் கேட்பவை இவ்வளவுதான். அந்த அறைக்குள் புரோஸ்டேட் தொந்தரவும் வரும், பால்வினை நோயும் வரும். நீரிழிவும் வரும், முன்தோலில் அடிக்கடி புண் வருவதும் பின்பு அது இறுகிப்போவதும் பல ஆண்களில் நீரிழிவின் முதல் அடையாளம். ஊர் பழி சொல்லுமே என்ற பயத்துக்கும் பதில் உண்டு. எச்.பி.வி. வைரஸ் மணவாழ்க்கைக்குள் இருப்பவர்களையும் தொற்றும் மிகச் சாதாரணமான ஒன்று. இந்நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம்தான் அது காணப்படுகிறது. புற்றுநோயை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் எடைபோட முடியாது. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. அவுஸ்திரேலியா 2013இலேயே பையன்களுக்கும் போடத் தொடங்கிவிட்டது. இங்கும் அது பேசப்பட வேண்டும்.

முன்தோலின் அடியில் மூன்று நான்கு வாரமாகியும் ஆறாத புண்ணோ, தடிப்போ, துர்நாற்றத்தோடு கசிவோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் சரி, டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நீட்டுங்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் சத்திரசிகிச்சைக்கும் காசு கிடையாது.