மைட்டோசிஸ் என்னும் சொல்

உயிரணுப் பிரிவைக் குறிக்க உயிரியலார் வழங்கும் சொற்களுள் தலையாயது மைட்டோசிஸ் என்பது. மாணாக்கர் பலர் இதனைப் பொருளுணராது நெட்டுருச் செய்கின்றனர். அதனால் மையோசிஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் மைட்டோசிஸ் என்று எழுதிவிடுகின்றனர். ஓசையில் வேற்றுமை சிறிதே; நிகழ்ச்சிகளோ இரண்டும் வெவ்வேறு.

கிரேக்க மொழியில் ‘மிதோஸ்’ என்பது நூலிழை. சிறப்பாகத் தறியிலுள்ள பாவு நூல். கீல் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த செருமானிய அறிஞர் வால்தர் பிளெமிங், 1882ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இச்சொல்லை அடியாகக் கொண்டு மைட்டோசிஸ் என்னும் பெயரை ஆக்கினார். சலமாந்தர் என்னும் உயிரியின் இளம்பருவத்து உயிரணுக்கள் பெரியன. அவற்றிற்குச் சாயமேற்றி நுண்ணோக்காடி வழியே நோக்கியபோது, உட்கருவிற் பரவிக் கிடந்த பொருள் இழைகளாகத் திரள்வதையும், ஒவ்வோர் இழையும் நெடுக்காக இரண்டாய்ப் பிளப்பதையும் அவர் கண்டார். இவ்விழைகளுக்குக் குரோமோசோம் என்னும் பெயரை வால்டயர் இட்டது 1888இலேதான். ஆகவே, பிளெமிங் தாம் கண்ட காட்சியையே பெயராக்கினார் என்க.

மையோசிஸ் என்பதற்கோ ‘குறைதல்’ என்பது பொருள். 1905இல் பார்மர், மூர் என்னும் இருவர் அதனை வழக்கிற்குக் கொணர்ந்தனர். மனித உடலணுவில் 46 குரோமோசோம்கள் உள. மைட்டோசிஸ் முறையில் பிரிந்தால் சேயணு ஒவ்வொன்றிலும் 46 இருக்கும். கருமுட்டையும் விந்தணுவும் தோன்றும் மையோசிஸிலோ அவை 23 ஆகக் குறையும். (46 என்னும் எண்ணை லெவானுடன் சேர்ந்து 1956இல் வெளியிட்ட ஜோ ஹின் சியோ, ஜாவாவிற் பிறந்தவர்! அதுகாறும் நூல்கள் 48 என்றே கூறிவந்தன.)

இனித் தமிழ்ப் பெயர்களை நோக்குவோம். மையோசிஸை இலங்கை நூல்கள் ஒடுக்கற்பிரிவு என்றும், தமிழ்நாட்டு நூல்கள் குன்றல் பகுப்பு என்றும் கூறும். இரண்டும் பொருத்தமே. மைட்டோசிஸுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் மறைமுகப் பகுப்பு என்னும் பெயர் மாணாக்கரை மயக்கக் கூடியது. உட்கரு நேரே இரண்டாக அறுபடாமல் இழைநிலையை அடைந்து பிரிவதாலேயே அக்காலத்தார் ‘மறைமுக’ என்றனர். ஈண்டு மறைந்து நடப்பது எதுவுமில்லை. இலங்கையாரின் இழையுருப்பிரிவு என்பதே மூலச் சொல்லின் உள்ளீட்டைத் தமிழில் தருவது. மையோசிஸிலும் இழைகள் தோன்றுமே என்று வினவலாம். உண்மைதான், ஆயினும் ஒன்று இழையையும் மற்றொன்று குறைவையும் சுட்டுவதால், பொருளறிந்த மாணாக்கன் தடுமாறான்.

‘மிதோஸ்’ அறிந்தார்க்கு இன்னொரு பயனும் உண்டு. 1898இல் பெண்டா என்பார் சூட்டிய மைட்டோகாண்டிரியா என்னும் பெயரிலும் அதுவே முன்னிற்கிறது. இழைபோலவும் மணிபோலவும் தோன்றிய நுண்ணுறுப்பு அது. இலங்கையார் அதனை இழைமணி என்றனர். அது பிரிவுத் தொழிலுக்குரிய உறுப்பன்று. உயிரணுவிற்கு ஆற்றல் தருவது. முன்னெழுத்துகளின் ஒற்றுமை கண்டு, மைட்டோசிஸ் நிகழுமிடம் அதுவே என எழுதும் மாணாக்கரும் உளர்.

நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் மலாயிற் படிப்பினும் ஆங்கிலத்திற் படிப்பினும் இக்கிரேக்கச் சொற்களையே காண்பர். ஆசிரியர்கள் கரும்பலகையில் மைட்டோசிஸ் என எழுதுங்கால், அருகே இழை என்றும் எழுதுவாராக.