பன்றித்தோல் ஜெலற்றினும் ஒரு கோடைகால ஆய்வும்

கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் என் தங்கச்சியின் மகள் ஒரு நாள் இரவு வட்ஸ்அப்பில் எடுத்தாள். அவளுக்குப் பதினேழு வயது. கோடை விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் உயிர்ப்பொறியியல் ஆய்வுக்குச் சேர்ந்து இரண்டாவது நாள் அது.

"மாமா, எனக்குத் தந்த போத்தல்ல பன்றித்தோல் ஜெலற்றின் எண்டு எழுதியிருக்கு. உம்மா விட்டுட்டு வரச் சொல்றா. நான் என்ன செய்ற?"

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன், ஆலிம் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. நாளை நம் பிள்ளைகளும் இதே மேசையில் நிற்கப் போகிறவர்கள்தானே.

முதலில் இந்தத் திட்டங்களைப் பற்றி. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கோடையில் உண்மையான ஆய்வுகூடத்துக்குள் விடும் வழக்கம் பழையது. 1984இல் ஆரம்பித்த ஆர்.எஸ்.ஐ. என்ற திட்டம் எம்.ஐ.ரி.யில் ஆறு வாரம் நடக்கிறது. கற்கைக் கட்டணம் இல்லை, வெளிநாட்டு மாணவர்களும் சேர்க்கப்படுகிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் மருத்துவத் துறையின் திட்டம் எட்டு வாரம். அதில் புற்றுநோய், நோயெதிர்ப்பு, மூலக்கலங்கள் என்று பல பிரிவுகள், உயிர்ப்பொறியியலும் ஒன்று. பெரும்பாலும் ஒரு பட்டப்பின் மாணவரின் கீழ் பிள்ளையை விடுவார்கள். பிப்பெற் பிடிப்பது, கலம் வளர்ப்பது எல்லாம் பழகி, முடிவில் ஒரு சுவரொட்டியின் முன் நின்று செய்ததை விளக்க வேண்டும். வினாத்தாள் இல்லை. எங்கட பிள்ளைகள் கடந்தகால வினாத்தாளோடு ரியூஷன் ரியூஷனாக ஓடும் வயதில் அங்கே இப்படி.

மருமகளுக்குக் கிடைத்தது இழையப் பொறியியல். கலங்களைத் தனியே வளர்த்தால் அவை தட்டின் அடியில் பாய்போல் பரவும். இழையமாக வேண்டுமென்றால் பிடித்து ஏற ஒரு சாரம் வேண்டும். அந்தச் சாரத்துக்குத்தான் ஜெலற்றின். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்துச் சுடுநீரில் பிரித்தெடுப்பது அது. கலங்கள் பற்றிக்கொள்ளும் சிறு அமினோ அமிலத் தொடர் அதில் அப்படியே எஞ்சியிருக்கிறது. குறை என்னவென்றால், உடம்பின் 37 பாகை வெப்பத்தில் உருகிவிடும். 2000இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஜெலற்றினோடு மெதக்கிரிலேற்றுத் தொகுதிகளைச் சேர்த்து, ஒளி பட்டதும் இறுகி, பிறகு உருகாமல் நிற்கும் ஜெல்லாக்கினார்கள். ஆய்வுகூடங்களில் இன்று இதைத்தான் 'ஜெல்மா' என்கிறார்கள். பெரும்பாலும் பன்றித்தோலில் இருந்தே செய்கிறார்கள்.

"கடற்பாசி பாவிக்க ஏலாதா?" என்று என் மனைவி பக்கத்தில் இருந்து கேட்டா. நோன்பு திறக்கக் காய்ச்சும் அதே கடற்பாசிதான். சிரிக்கும் கேள்வியல்ல. 1880களின் ஆரம்பத்தில் பற்றீரியா வளர்க்க ஜெலற்றின்தான் பாவித்தார்கள். கோடை வெப்பத்தில் அது உருகியது, சில பற்றீரியாக்கள் அதைத் தின்று நீராக்கின. ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபன்னி, ஜாவாவில் இருந்து வந்த அயலவரிடம் பழகிய கடற்பாசி ஜெலியைச் சொல்லிக் கொடுத்தா. ஒரு குசினிச் சமையல் முறை விஞ்ஞானத்தை மாற்றிவிட்டது. கடற்பாசி 85 பாகையளவில்தான் உருகும். ஆனால் மனிதக் கலம் அதைப் பிடித்துக்கொள்ளாது; அதனால் மருமகளின் வேலைக்கு அது உதவாது.

இனி மார்க்கப் பக்கம். ஒரு பொருள் தன் தன்மை முழுதும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்பதே இஸ்திஹாலா. ஹனஃபி மத்ஹபில் இதற்கு இடம் விரிவு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இடம் குறைவு: தானாக வினாகிரியாகும் மது, பதனிட்ட தோல் போன்றவை, தோலிலும் நாயும் பன்றியும் சேராது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, பன்றி ஜெலற்றினை உணவில் சேர்க்கக் கூடாது என்றது. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பு நடத்திய கருத்தரங்கோ, அது மாற்றமடைந்த தூய பொருள் என்றது. இரண்டு பக்கத்திலும் பெரிய ஆலிம்கள்தான்.

இரசாயனம் படித்தவனாக ஒன்று சொல்வேன். கொலாஜனின் மூன்று புரி முறுக்கு அவிழ்கிறது, சங்கிலிகளும் இங்குமங்கும் அறுகின்றன. ஆனால் அமினோ அமில ஒழுங்கு பெரிதும் அப்படியே இருக்கும். திணிவுத் திருசியமானியில் வைத்தால் இது பன்றி, இது மாடு என்று இன்றும் பிரித்துச் சொல்லலாம். 'முழுதாக மாறிவிட்டது' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தீர்ப்பு உலமாக்களுடையது.

அவளுடைய விடயம் தின்பதல்ல, தொடுவது. கையுறை போட்டுத்தான் வேலை. பட்டாலும் கழுவினால் தீர்ந்தது: மத்ஹபின் சட்டம் ஏழு தடவை, ஒன்று மண்ணோடு, பன்றிக்கு ஒரு தடவை போதும் என்பதே ஆதாரத்தில் வலுவானது என்று இமாம் நவவி எழுதியிருக்கிறார். இதைச் சொல்லி, "விட்டுட்டு வராத மகள், முதலில் உங்கட வழிகாட்டியிடம் கேளு" என்றேன்.

கேட்டாள். அவர் முகம் சுளிக்கவில்லையாம். மீன்தோல் ஜெலற்றின் ஓடர் செய்தார். வந்துசேர ஒரு கிழமை போனது. மாட்டு ஜெலற்றினும் உண்டு, ஆனால் அறுத்த முறை தெரியாமல் அதை ஹலால் என்று சொல்ல முடியாது. மீனின் ஜெல் மென்மையாகவே இறுகியது. ஒளி நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். மீன், பன்றி இரண்டையும் ஒப்பிட்டதே கடைசியில் அவளுடைய சுவரொட்டி ஆனது. பன்றிப் பக்கத்தை வழிகாட்டி செய்து கொடுத்தார்.

கலங்களுக்கு ஊற்றிய சிவப்பு ஊடகத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அறுக்கப்பட்ட சினைப் பசுவின் வயிற்றுக் கன்றின் இரத்தத்தில் இருந்து எடுத்த சீரம் அதில் கலப்பது வழக்கம். இரத்தத்தின் சட்டம் வேறு பாடம். அடுத்த அழைப்பில் நானே சொல்லத்தான் வேண்டும்.