பரம்பரையும் பரிகாரமும்: சிறுவர் மூளைக் கட்டியொன்றின் இரசாயனச் சிகிச்சை பற்றிய ஒரு நோக்கு

பரம்பரை நோய் என்றதும் அதனை மாற்றவியலாத விதியாகக் கொள்ளும் மனப்பாங்கு நமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. துயரத்துக்குக் காரணம் கூறுவதுபோலத் தோன்றும் இக்கருத்து, உண்மையிற் காரணத்தைத் தேடும் முயற்சியையே தடுத்துவிடுகின்றது. பரம்பரைக் காரணத்தை அறிதல் சிகிச்சையை எவ்வாறு வழிப்படுத்துகின்றது, அச்சிகிச்சை எவருக்குக் கிட்டும் என்பதைத் தீர்மானிப்பது யாது என்னும் இரு வினாக்களை, ஒரு நோயை உதாரணமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யேர்மனிய நோயியலாளரான வொன் றெக்லிங்ஹவுசன் 1882இல் விரிவாக விவரித்த நரம்புநார்க் கட்டி நோயின் முதலாம் வகையே இங்கு கருதப்படுவது. ஏறத்தாழ 3,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகின்றது. பாலிட்ட கோப்பியின் நிறத்தையொத்த திட்டுகள் குழந்தையின் தோலிற் பலவாகத் தோன்றுவது இதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று. நோயுற்றோருள் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கு இது பெற்றோரிடமிருந்து வந்ததன்று. புதிதாக ஏற்பட்ட விகாரத்தின் விளைவேயாகும். தாய்வழிக் குறை, தந்தைவழிக் குறை எனக் குடும்பத்தைப் பழிப்போர் இதனை மனங்கொள்ளுதல் தகும்.

இந்நோய்க்குக் காரணமான, 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பரம்பரையலகின் அமைப்பு 1990இல் துலக்கம் பெற்றது. கலங்களின் பெருக்கத்தைத் தூண்டும் ‘ராஸ்’ என்னும் புரதத்தைக் கட்டுப்படுத்துவது இவ்வலகு தரும் புரதத்தின் தொழில். அக்கட்டுப்பாடு குலைந்த கலங்கள் பெருகிக் கட்டிகளாகின்றன. இந்நோயுள்ள சிறுவருள் நூற்றுக்கு 15 முதல் 20 பேர்வரையில் பார்வை நரம்புப் பாதையில் இத்தகைய கட்டி தோன்றுகின்றது. பெரும்பாலும் ஏழு வயதுக்குள்ளேயே தோன்றுகின்றது. இவற்றுட் பல, தொல்லை எதுவும் தராது அடங்கியிருப்பதால், ஒழுங்கான கண் பரிசோதனையே போதுமானது. பார்வை குன்றத் தொடங்கும்போதே சிகிச்சை பற்றிய வினா எழுகின்றது.

அறுவை மூலம் கட்டியை அகற்றின் பார்வை நரம்பும் சிதையக்கூடும். கதிர்ச்சிகிச்சையோ இந்நோயுள்ள பிள்ளைகளில் வேறு கட்டிகள் தோன்றுவதற்கும் மூளையின் குருதிக் குழாய்கள் ஒடுங்குவதற்கும் ஏதுவாகின்றது. ஆகவே, எதனைச் செய்யலாகாது என்பதையும் பரம்பரை பற்றிய அறிவே உணர்த்துகின்றது எனலாம். எஞ்சிய வழி இரசாயனச் சிகிச்சை. காபோபிளாற்றின், வின்கிறிஸ்ரின் ஆகிய இரு மருந்துகளும் ஓராண்டுக்கு மேலாக, குறித்த இடைவெளிகளில் நாளத்தின் வழியாகச் செலுத்தப்படுகின்றன. முதலாவது குருதிக் கலங்களைக் குறைப்பதோடு சிலரில் ஒவ்வாமையையும் தோற்றுவிக்கும். இரண்டாவது கைகால் நரம்புகளைத் தாக்கி நடையைத் தளர்விக்கும். கட்டியை முற்றாக ஒழிப்பதைவிட, அதன் வளர்ச்சியைத் தடுத்துப் பார்வையைக் காப்பதே இங்கு முதன்மையான குறிக்கோள். இவ்வாறு இரசாயனச் சிகிச்சை பெற்ற 88 சிறுவரை ஆராய்ந்து 2012இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றின்படி, நூற்றுக்கு 32 பேரின் பார்வை மேம்பட்டது. 40 பேரினது மாறாதிருந்தது. 28 பேரினது மேலும் குன்றியது. இவ்வெண்கள் மிகை நம்பிக்கைக்கும் இடந்தரவில்லை, கைவிடலையும் நியாயப்படுத்தவில்லை.

வின்கிறிஸ்ரினின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. நம் வீட்டு முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படுவது இது. ஜமெய்க்கா மக்கள் இச்செடியின் இலையை நீரிழிவுக்குப் பயன்படுத்தினர். அவ்வழக்கை ஆராயப் புகுந்த கனடிய ஆய்வாளர் நோபிள், பியர் ஆகியோர், அதன் சாறு வெண்குருதிக் கலங்களைக் குறைப்பதைக் கண்டு, 1958இல் வின்பிளாஸ்ரினை அறிவித்தனர். அதே செடியிலிருந்து அமெரிக்க மருந்து நிறுவனமொன்றிற் பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்ரின் 1963இல் அந்நாட்டில் அனுமதி பெற்றது. பெயரறியா மக்களின் அனுபவ அறிவு ஆய்வுகூடத்தின் வழியே சந்தைப் பண்டமாகி, விலையோடு மக்களிடம் திரும்பிய வரலாறு இது.

இன்று அவ்விரு மருந்துகளும் காப்புரிமைக் காலம் கடந்தவை. குறைதர மூளைக் கட்டிகளுக்கான அவற்றின் பயன்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் சிறுவர்க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. ‘ராஸ்’ தூண்டும் தொடர்வினையை இடையில் மறிக்கும் செலுமெற்றினிப் என்ற புதிய மருந்து, இதே நோயின் அறுவைக்குட்படாத நரம்புக் கட்டிகளுக்காக 2020இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மூளைக் கட்டிகளிலும் அது பரிசோதிக்கப்பட்டுள்ளது. வாய்வழி உட்கொள்ளத்தக்க இம்மருந்தின் விலையோ சாதாரண குடும்பத்தின் கைக்கெட்டாதது.

மருந்து மட்டும் கிடைப்பதும் போதாது. பார்வை குன்றுவதைக் காலத்திற் கண்டறியும் கண் மருத்துவர், படமெடுக்கும் கருவி, ஓராண்டுக்கு மேலாகப் பிள்ளையுடன் மருத்துவமனைக்கு வந்துபோகும் தாயின் இழந்த நாட்கூலி ஆகிய யாவும் சிகிச்சையின் கூறுகளே. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், புற்றுநோயுற்ற சிறுவருள் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோர் செல்வ நாடுகளிற் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30க்கும் குறைந்தோரே குணமடைகின்றனர். இவ்வேறுபாட்டை எந்த நிறமூர்த்தத்திலும் காண இயலாது. 2030இல் உலகெங்கும் குறைந்தது 60 வீதத்தினர் பிழைத்திருத்தல் வேண்டும் என அந்நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தபோது, குறைதர மூளைக் கட்டியையும் முன்னுரிமை பெறும் ஆறு நோய்களுள் ஒன்றாகக் குறித்தது.

பரம்பரையலகின் பிழை இயற்கையின் தற்செயல். அப்பிழையோடு பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருத்தி பார்வையோடு வளர, மற்றவள் இருளில் வளர்வது மனிதர் அமைத்த ஏற்பாடு. மனிதர் அமைத்ததை மனிதர் மாற்றுதல் கூடும்.